பூச்சிக்கு மண்டபம் கட்டிய ஊரில் எரிவாயுக் கிணறுகள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனிலிருந்து மேற்கே ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் போனால் சின்சில்லா என்ற ஊர் வரும். அதற்குச் சற்று முன்னால் பூனார்கா என்ற சிற்றூர். அங்கே சாலையோரம் ஒரு சிறிய மண்டபம் நிற்கிறது. 1936இல் அந்த வட்டாரத்து விவசாயிகள் கட்டியது. மண்டபம் என்றால் ஒரு தலைவரின் பெயரோ போரில் இறந்தவர்களின் பெயரோ இருக்கும் என்று நினைப்போம். இந்த மண்டபத்துக்கு ஓர் அந்துப்பூச்சியின் பெயர்: காக்டோபிளாஸ்டிஸ் நினைவு மண்டபம்.

காரணம் சப்பாத்திக்கள்ளி. சாயம் தரும் செம்பூச்சியை வளர்க்கலாம் என்று 1788இல் வெள்ளையர் குடியேற்றத்தின் முதல் கப்பல்களோடு வந்து இறங்கிய கள்ளியினம், பிறகு வேலிக்கும் அழகுக்கும் என்று பல வகைகளில் வந்து சேர்ந்தது. 1925 வாக்கில் குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் சுமார் 6 கோடி ஏக்கர் நிலம் கள்ளிக்காடாகிவிட்டது. ஆர்செனிக் தெளித்தார்கள், வெட்டினார்கள், எரித்தார்கள். பண்ணைகளைப் போட்டுவிட்டு ஓடியவர்கள் ஏராளம். அர்ஜென்டினாவிலிருந்து ஆலன் டாட் என்ற பூச்சியியலாளர் 1925இல் கொண்டுவந்தது அந்த அந்துப்பூச்சியின் சுமார் 2,750 முட்டைகள். அவற்றின் சந்ததி ஏழெட்டு ஆண்டுகளில் கள்ளியைத் தின்று தீர்த்தது. தமிழ்நாட்டிலும் கிட்டத்தட்ட அதே காலம்தான்: 1926இல் இலங்கையிலிருந்து வந்த ஒரு செம்பூச்சி இனம் நம் சப்பாத்திக்கள்ளியை ஒடுக்கியது. நாம் மண்டபம் கட்டவில்லை, அவ்வளவுதான்.

களையால் ஒரு முறை செத்துப் பிழைத்த இந்த வட்டாரத்தில்தான் இன்று நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கிறார்கள். மன்னார்குடியை வைத்து நம் செய்தித்தாள்கள் பத்தாண்டுகளாக எழுதிய அதே மீத்தேன். டெல்டாவில் அந்தத் திட்டம் நின்றுபோனது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்துவிட்டது. குயின்ஸ்லாந்தில் 1996இல் தொடங்கிய மீத்தேன் தொழில், 2010க்குப் பிறகு பெருவெள்ளமாகப் பாய்ந்தது. டால்பி, சின்சில்லா, மைல்ஸ், வாண்டோன், ரோமா ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சூரத் படுகையில் ஆயிரக்கணக்கான கிணறுகள் தோண்டப்பட்டன. (பெயரில் இருப்பது குஜராத் சூரத்தேதான். அங்கே வாழ்ந்த ஒரு நில அளவையாளர் இங்கே ஓர் ஊருக்கு வைத்த பெயர் அது.) எடுத்த வாயு கிளாட்ஸ்டோன் துறைமுகத்துக்கு எதிரேயுள்ள கர்டிஸ் தீவுக்குக் குழாயில் போய், குளிர்ந்து திரவமாகி, கப்பலேறுகிறது. அந்தத் தீவில் மூன்று ஆலைகள் இருக்கின்றன. முதல் கப்பல் 2015 ஜனவரியில் கிளம்பியது.

மீத்தேன் என்றதும் நிலத்தடி நீரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். பேச வேண்டியதும் அதுவே. ஆனால் அங்குள்ள மாட்டுப்பண்ணைக்காரரிடம், எரிவாயு நிறுவன வண்டி கேட்டைத் தாண்டும்போது முதலில் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டால், சக்கரத்தை என்பார். சக்கரத்தில் ஒட்டியிருக்கும் மண்ணை.

ஏன் என்று புரிய, இந்தத் தொழில் நிலத்தில் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க வேண்டும். நிலக்கரிச் சுரங்கம் ஒரே இடத்தில் பெரிய குழி. எண்ணெய்க் கிணறு என்றால் எங்கோ ஒன்றிரண்டு. மீத்தேன் அப்படியில்லை. நிலக்கரி அடுக்கில் அழுத்தம் குறைந்தால்தான் வாயு வரும். அதற்கு முக்கால் கிலோமீட்டருக்கு ஒரு கிணறு என்ற கணக்கில், கட்டம் போட்டதுபோல் கிணறு வேண்டும். ஒவ்வொரு கிணற்றுக்கும் துளையிடும் காலத்தில் ஒரு ஹெக்டேர் அளவுக்கு நிலத்தைச் சுரண்டித் தளம் போட வேண்டும். தளத்துக்கு ஒரு பாதை, வாயுவுக்கு ஒரு குழாய், கூடவே வரும் உப்புத் தண்ணீருக்கு ஒரு குழாய், தண்ணீரைத் தேக்கக் குளம், வாயுவை அழுத்தி அனுப்ப நிலையம். மொத்தப் பரப்பை வைத்துப் பார்த்தால் இவை பிடிக்கும் இடம் சிறியது. நிறுவனத்தார் இந்தச் சதவீதத்தைத்தான் கூட்டங்களில் சொல்வார்கள். ஆனால் களைக்கு ஹெக்டேர் கணக்கு தெரியாது. ஓரம்தான் அதற்குக் கணக்கு. கிளறிவிட்ட மண், வெயில் படும் விளிம்பு, போட்டிக்கு ஆளில்லாத வெற்றுத் தரை. ஒரு பண்ணைக்குள் நாலைந்து கிணறு வந்தால், பல கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய ஓரங்கள் கிடைக்கின்றன. அந்த ஓரங்களின் வழியே தினமும் வண்டி போகிறது. நேற்று வேறொரு பண்ணையில் நின்ற வண்டி.

அந்த வண்டியில் ஏறி வருவதில் முதலிடம் பார்த்தீனியத்துக்கு. நமக்கு அறிமுகம் தேவையில்லை. 1950களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டு, காங்கிரஸ் புல் என்ற பெயரோடு நாடு முழுக்கப் பரவியது. சிறுவயதில் பள்ளி மைதானத்தில் அதைப் பிடுங்கச் சொல்லி, மறுநாள் கையெல்லாம் தடித்து அரிப்பெடுத்துப் போனவர்கள் இதைப் படிப்பவர்களில் இருப்பார்கள். நானும் அதில் ஒருவன். குயின்ஸ்லாந்திலும் அதே சமயம், 1955இல்தான் முதலில் கண்டார்கள். 1960இல் டெக்சாஸிலிருந்து வந்த புல்விதையில் கலந்து, கிளெர்மான்ட் அருகே இரண்டாம் முறை வந்தது. மாநிலத்தின் நடுப்பகுதியை விழுங்கியது இந்த இரண்டாம் வரவுதான். கவனியுங்கள்: கொண்டுவந்தது எரிவாயு நிறுவனமல்ல, மேய்ச்சலுக்கு நல்ல புல் வேண்டும் என்ற ஆசை.

ஒரு செடி பதினைந்தாயிரம் முதல் ஒரு லட்சம் விதை வரை உதிர்க்கும். முளைத்து நான்கே வாரத்தில் பூத்துவிடும். மண்ணில் புதைந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். விதை இரண்டு மில்லிமீட்டர், கறுப்பு, காய்ந்த சேற்றில் ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. நடு குயின்ஸ்லாந்தில் அது காடாகக் கிடக்கிறது; தெற்கே சூரத் படுகையில் இன்னும் திட்டுத்திட்டாகத்தான். வடக்கே ஒரு சுரங்கத்தில் வேலை முடித்த புல்டோசர், டிரெய்லரில் ஏறித் தெற்கே வாயுக் கிணற்றுத் தளம் போட வருகிறது என்றால், களையின் எல்லை ஒரே இரவில் சில நூறு கிலோமீட்டர் நகர முடியும்.

அதனால்தான் அந்த நாட்டில் வண்டி கழுவுவது தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. ஊருக்கு ஊர் பொதுக் கழுவுமிடங்கள் உண்டு. கழுவிய பின் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்துச் சான்று எழுதித் தர வேண்டும். காரை ஷாம்பு போட்டுக் கழுவுவதுபோல் என்று நினைத்துவிடக் கூடாது. மேலே பளபளப்பது முக்கியமில்லை. பிக்கப் வண்டியானால் ரேடியேட்டருக்கு முன்னாலிருக்கும் வலை, அடிப்பாகத்தைக் காக்கும் தகட்டின் உள்பக்கம், ஸ்டெப்னி டயரின் பின்புறம், பின்தட்டின் மூலை, ஓட்டுநர் கால் வைக்கும் மிதியடி. லாரியானால் இரட்டைச் சக்கரங்களுக்கு இடையிலுள்ள சந்து. புல்டோசர்தான் கொடுமை: சங்கிலிப் பட்டையின் உருளைகளுக்கு நடுவே இறுகிப்போன களிமண்ணைக் கடப்பாரையால் நெம்பி எடுக்க வேண்டும், வயிற்றுத் தகட்டின் போல்ட்டைக் கழற்றி உள்ளே தண்ணீர் பீய்ச்ச வேண்டும். ஒரு பெரிய எந்திரத்துக்குப் பல மணி நேரம் ஆகும். தண்ணீர் இல்லாத இடத்தில் காற்றழுத்தக் குழாயும் தூரிகையும். எல்லாம் முடித்து, எந்திரத்தைச் சான்றோடு அனுப்பிவிட்டு, ஓட்டுநர் நேற்றைய சேற்று பூட்ஸோடு பண்ணைக்குள் இறங்கினால் அத்தனை உழைப்பும் வீண்.

கழுவிய இடமும் சும்மா இல்லை. எல்லா வண்டியின் விதையும் விழும் இடம் அதுதான், ஈரமும் அங்கேதான். கழுவுமிடத்தைச் சுற்றி வாராவாரம் பார்க்காமல் விட்டால் அதுவே நாற்றங்கால்.

சான்றிதழ் முறையைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். முறை நல்லது, இல்லாததைவிட எவ்வளவோ மேல். ஆனால் காகிதம் கையில் வந்ததும் கண் ஓய்ந்துவிடுகிறது. சான்று சொல்வது கழுவிய நேரத்தில் வண்டி சுத்தமாக இருந்தது என்பதை மட்டும். அதன் பிறகு எந்த மண்சாலையில் ஓடியது, மழை பெய்ததா என்று அதில் எழுதியிருக்காது. நல்ல பண்ணைக்காரர்கள் சான்றைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கேட்டிலேயே குனிந்து வண்டியின் அடியைப் பார்க்கிறார்கள்.

அதேபோல் களைக் கண்காணிப்புக்கான அட்டவணை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தளத்தைச் சுற்றிப் பார்ப்போம் என்று ஒரு திட்டத்தில் எழுதினால் படிக்க நன்றாக இருக்கிறது. நான்கு வாரத்தில் பூக்கும் செடி அந்த மூன்று மாதத்துக்குள் முளைத்து, பூத்து, விதை சிந்தி, அடுத்த தலைமுறையையும் தொடங்கிவிடும். பார்க்க வேண்டிய நாள் நாட்காட்டியில் இல்லை. மழை பெய்த இரண்டாம் மூன்றாம் வாரத்தில் இருக்கிறது. கரிசல் மண் நனைந்தால் வண்டி இறங்காது என்பது வேறு சிக்கல். கோவில்பட்டிப் பக்கம் மழைக்குப் பின் கரிசலில் சைக்கிள் தள்ளியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

சூரத் படுகையில் இன்னொரு செடி உண்டு. மடகாஸ்கரிலிருந்து அழகுக்காக வந்தது. ‘கோடிகளின் தாய்’ என்று பொருள்படும் பெயரால் அதை அழைக்கிறார்கள். நம் ரணகள்ளியின் நெருங்கிய உறவு. ரணகள்ளி இலையைப் புத்தகத்தில் வைத்தால் ஓரத்தில் குட்டிச்செடி முளைப்பதைப் பார்த்து வியந்திருப்போமே, அதே வித்தை. இதில் இலை குழாய்போல் இருக்கும், நுனியில் குட்டிகள் தொங்கும், தொட்டால் உதிரும். மாடு தின்றால் இதயம் பாதித்துச் சாகும். ஓடைக்கரைகளில் அடர்ந்து, வெள்ளத்தில் மிதந்து கீழே போகிறது. குழாய் பதிக்க ஓடையைக் குறுக்கே வெட்டும் இடத்தில் இதைக் கவனிக்காமல் மேல்மண்ணை அள்ளிக் குவித்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பரப்பினால், ஓர் ஓரத்தில் இருந்த செடியை வரிசை முழுக்க நட்டுக் கொடுத்தது போலாகும். மேல்மண்ணைத் தனியாக எடுத்துவைத்துத் திரும்பப் போட வேண்டும் என்பது நல்ல விதி. அந்தக் குவியல் களையின் விதைப்பெட்டியாகவும் இருக்கலாம் என்பது அந்த விதியின் மறுபக்கம்.

இதுவரை சொன்னவை யாரும் சண்டை போடாத களைகள். கொழுக்கட்டைப் புல் விஷயத்தில் ஊரே இரண்டாகப் பிரியும். கொங்கு நாட்டு மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல் இருந்தால் அது செல்வம். அந்தப் புல்லை ஆஸ்திரேலியாவில் வறட்சி தாங்கும் தீவனமாக லட்சக்கணக்கான ஹெக்டேரில் விதைத்தார்கள். மாட்டுக்காரருக்கு அது பொன். சூழலியலாளருக்கு அதைவிடக் கெட்ட களை இல்லை, காரணம் நெருப்பு. பிரிகலோ என்ற வேலமரக் காடுகள் இந்த வட்டாரத்தின் சொந்தக் காடு. அதில் பத்தில் ஒன்பது பங்கு முன்பே வெட்டியாகிவிட்டது. மிஞ்சிய துண்டுக் காட்டின் ஓரத்தில் இந்தப் புல் காய்ந்து நின்றால், காடு பழகாத கடும் தீ உள்ளே புகுந்து மரத்தைக் கொல்கிறது. குழாய் பதித்த வரிசையை மூடியபின் மண்ணரிப்பைத் தடுக்க வேகமாக வளரும் புல் வேண்டும். விதைக்கடையில் மலிவாகக் கிடைப்பதும் இதுவே. நிலக்காரர் போடு என்கிறார், காட்டுத்துண்டைக் காக்கும் நிபந்தனை போடாதே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் ஒப்பந்தத் தொழிலாளி. மேய்ச்சல் நிலத்தில் போடலாம், காட்டோரத்தில் கூடாது என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பிரிப்பதே நடைமுறையில் சரியாக வரும் என்று எனக்குப் படுகிறது. புல் அந்தக் கோட்டை மதிக்குமா என்பது வேறு.

போகிற போக்கில் இன்னொன்று. குயின்ஸ்லாந்தின் மேற்குப் புல்வெளிகளைப் பல லட்சம் ஹெக்டேர் அளவில் பிடித்திருக்கும் முள்மரம் நம் கருவேலம். சீமைக் கருவேலம் இல்லை, நாட்டுக் கருவேலமே. இந்தியாவிலிருந்து நிழலுக்கும் தீவனத்துக்கும் போனது. அதைத் தின்னும் பூச்சியைத் தேடிக் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் 2008 முதல் சில ஆண்டுகள் கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கண்மாய்க்கரைக் கருவேலங்களைச் சலித்தார்கள். சீமைக் கருவேலத்தை வெட்ட நீதிமன்றம்வரை போன நாம், நம் கருவேலம் வேறொரு நாட்டின் சீமைக் கருவேலமாக இருப்பதை அறிவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது? குயின்ஸ்லாந்தில் நிலம் உங்களுடையது, அடியிலுள்ள பெட்ரோலியமும் வாயுவும் அரசுடையவை. 1915ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அப்படி. நிறுவனம் உள்ளே வருவதைக் கடைசிவரை தடுக்க நிலக்காரரால் முடியாது; நடத்தை மற்றும் இழப்பீட்டு ஒப்பந்தம் ஒன்றைப் பேசி முடிக்கலாம், முடியாவிட்டால் நில நீதிமன்றம். 2010இல் தொடங்கிய ‘கேட்டைப் பூட்டு’ இயக்கத்தின் கோபம் இந்த இடத்தில்தான் வேர் கொண்டிருக்கிறது. ஒப்பந்தத்துக்கு மேல் நில நுழைவு விதித்தொகுப்பு ஒன்று உண்டு: களை பரவாமல் இருக்க வேண்டிய இடத்தில் வண்டியைக் கழுவிவிட்டு நுழைய வேண்டும், கழுவியதற்குப் பதிவு வைக்க வேண்டும். 2016 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த உயிரிப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் அகலமானது. களையாலோ தீங்கு விளைவிக்கும் விலங்காலோ வரக்கூடிய கேட்டைத் தடுக்க, நியாயமாகவும் நடைமுறையிலும் இயன்றதைச் செய்யும் கடமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. நிறுவனத்துக்கும் உண்டு, பண்ணைக்காரருக்கும் உண்டு, வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் உண்டு.

கேட்க அழகாக இருக்கிறது. எல்லோருடைய கடமையும் யாருடைய கடமையும் இல்லாமல் போவது எப்படி என்று ஊராட்சிக் கிணறு தூர்ந்த கதை தெரிந்தவர்களுக்குப் புரியும். பாதையோரத்தில் ஒரு பார்த்தீனியம் நிற்கிறது. நிறுவன வண்டி கொண்டுவந்ததா, அறுவடை எந்திரமா, வறட்சியில் வாங்கிய வைக்கோல் கட்டா, வெள்ளமா? மரபணு சோதனை செய்தாலும் எந்த வண்டி என்று சொல்ல முடியாது. நியூ சவுத் வேல்ஸ் எல்லையில் குயின்ஸ்லாந்திலிருந்து வரும் அறுவடை எந்திரங்களைத் தனியாகப் பரிசோதிக்கிறார்கள். விவசாயமும் களையை ஏற்றிச் செல்லும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். எனவே யார் கொண்டுவந்தது என்ற வழக்கு ஒருபோதும் முடியாது. நன்றாக எழுதிய ஒப்பந்தங்கள் அந்தக் கேள்வியையே தவிர்க்கின்றன: வேலை தொடங்குமுன் இருவரும் சேர்ந்து நிலத்தை நடந்து பார்த்து, இருக்கும் களையைப் படம் எடுத்துவைக்கிறார்கள், அதன்பின் தளத்திலும் பாதையிலும், அதையொட்டி இத்தனை மீட்டர் வரையிலும் முளைக்கும் புதியது எதுவானாலும் அகற்றும் செலவு நிறுவனத்தினுடையது. எந்த மருந்து தெளிக்கலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். இயற்கை மாட்டிறைச்சிச் சான்று வைத்திருக்கும் பண்ணையில், நல்லெண்ணத்தோடு ஓர் ஒப்பந்தக்காரர் தெளித்த களைக்கொல்லியே அந்தச் சான்றைக் காலி செய்துவிடக்கூடும்.

களை நகர வண்டி வேண்டும். விலங்குக்குக் கால் இருக்கிறது. அதனால் விலங்கு விஷயம் முற்றிலும் வேறு.

ஆஸ்திரேலியாவில் பன்றி என்றால் நம் காட்டுப்பன்றியை நினைக்கக் கூடாது. அங்கே காட்டுப்பன்றி என்று ஓர் இனமே கிடையாது. குடியேறியவர்கள் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றி காட்டுக்குள் தப்பித் தலைமுறைகள் கடந்து, முகம் நீண்டு, மயிர் முரடாகி, நம் காட்டுப்பன்றியைப் போலவே ஆகிவிட்டது. ஆண்டுக்கு இரண்டு ஈற்று போடும். சோளக்காட்டை உழுது தள்ளும், ஆட்டுக்குட்டியைத் தின்னும், ஓடைக்கரையைச் சேறாக்கும். அதற்குத் தவிர்க்க முடியாத தேவை தண்ணீர். வியர்க்காத உடம்பு, சேற்றில் புரண்டால்தான் குளிரும். வறண்ட நிலத்தில் புதிதாக ஒரு குளம் வெட்டினால் முதல் விருந்தாளி பன்றிதான். எரிவாயுவோடு வரும் தண்ணீரைச் சுத்திகரித்துத் தேக்கும் குளங்களுக்கு வேலி போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கும் எரிவாயுவை மட்டும் குறைசொல்ல முடியாது: நூறாண்டுக்கு முன் தோண்டி, மூடாமல் விட்ட ஆர்ட்டீசியன் கிணறுகளின் வாய்க்கால்களும் உள்நாட்டில் பன்றிக்கு வழி போட்டவை.

பன்றி ஒழிப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் ஆண்டில் கூட்டத்தில் எழுபது சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்தால்தான் எண்ணிக்கை இறங்கும். அதற்குக் குறைந்தால் மறு ஆண்டே பழைய நிலை. வார இறுதியில் துப்பாக்கியும் நாயுமாகப் போய் நாலு பன்றி சுடுபவர்களால் இதனால்தான் பயனில்லை. மிஞ்சியவை உஷாராகி இரவாடிகளாகிவிடும். பொறி வைப்பதற்கும் பொறுமை வேண்டும். திறந்து கிடக்கும் கூண்டுக்குள் சில நாள் தானியத்தைச் சும்மா கொட்டிப் பழக்க வேண்டும். இரவுக் கேமராவில் கூட்டத்தை எண்ண வேண்டும். பன்னிரண்டு பன்றி வருகிறது என்று தெரிந்தால், பன்னிரண்டும் உள்ளே வந்த இரவில் மட்டும் கதவை விழவைக்க வேண்டும். ஒன்பது வந்த இரவில் ஆசைப்பட்டு மூடினால், வெளியே நின்று பார்த்த மூன்றும் வாழ்நாளில் கூண்டுப் பக்கம் வராது.

ஒரு நிறுவனம் தன் வேலிக்குள் மட்டும் இதைச் செய்து என்ன பயன்? பன்றிக் கூட்டம் ஓர் இரவில் மூன்று பண்ணையைச் சுற்றிவரும். ஹெலிகாப்டரிலிருந்து சுடுவதுதான் பரந்த நிலத்தில் வேகமான வழி. ஆனால் கிணற்றுத் தலையும் தரைமேல் குழாயும் ஊழியர்களும் உள்ள இடத்தில் மேலிருந்து சுட முடியாது. முன்பே பேசி, நாள் குறித்து, வரைபடம் வைத்துச் செய்ய வேண்டும். பேசாவிட்டால் எரிவாயு வயல் பன்றிக்குச் சரணாலயமாகிவிடும். சுற்றிலும் சுடுகிறார்கள், இங்கே மட்டும் யாரும் சுடுவதில்லை என்று அது சீக்கிரம் கற்றுக்கொள்ளும். 2022இல் இந்தோனேசியாவில் கோமாரி பரவியபோது ஆஸ்திரேலியாவின் அச்சங்களில் ஒன்று இந்தப் பன்றி. காட்டில் திரியும் பன்றியில் கோமாரி புகுந்துவிட்டால், தடுப்பூசி போட யாரைத் தேடிப் போவது?

நாய் கதை பழையது. டிங்கோ என்ற ஆஸ்திரேலியக் காட்டுநாயும் அதோடு கலந்த நாய்களும் ஆட்டு மந்தைக்குள் வராமல் இருக்க, 5,600 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வேலி நாட்டைக் குறுக்கே வெட்டுகிறது. அந்த வேலி தொடங்கும் இடம் ஜிம்பர். டால்பிக்கும் சின்சில்லாவுக்கும் பக்கத்தில், இதே எரிவாயு வட்டாரத்தில். முயலைத் தடுக்கும் இன்னொரு வேலி, லாமிங்டன் மலையிலிருந்து வந்து சின்சில்லாவுக்கும் மைல்ஸுக்கும் நடுவே கூம்பி என்ற இடத்தில் முடிகிறது. குயின்ஸ்லாந்தில் முயல் வளர்ப்பது இன்றும் குற்றம். இப்படி வேலியை நம்பி வாழும் ஊரில், குழாய்க்காக வேலியை அறுத்துத் தற்காலிகக் கேட் போடுபவர் அதை மாலையில் மூடாமல் போனால் என்ன கோபம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாய்க்கு வைப்பது 1080 என்ற நஞ்சு தடவிய இறைச்சி. மேற்கு ஆஸ்திரேலியாவின் சில செடிகளில் இயற்கையாகவே இருக்கும் நஞ்சு இது. அங்குள்ள நாட்டு விலங்குகள் ஓரளவு தாங்கும், நாய் இனம் தாங்காது. வீட்டு நாயும் தாங்காது. ஒரு வட்டாரத்தில் எல்லாப் பண்ணைகளும் ஒரே வாரத்தில் வைத்தால்தான் பலன். அந்த வாரத்தில் நிறுவனக் குடியிருப்பில் நாய் இருக்கக் கூடாது, வேலையாட்களுக்குத் தகவல் போயிருக்க வேண்டும், எஞ்சிய சோற்றுக் குப்பை மூடியிருக்க வேண்டும். காட்டில் திரியும் பூனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புதிதாக வெட்டிய நேர்ப்பாதைகள் வேட்டையாடிகளுக்கு ராஜபாட்டை, குழாய்க்காகத் திறந்துகிடக்கும் பள்ளத்தில் இரவில் விழுந்த ஓணானும் சிறு பாலூட்டிகளும் சுலப இரை. விடியுமுன் பள்ளத்தை நடந்து பார்த்து எடுத்துவிட ஆள் போடுவது அங்கே வழக்கம். அந்த வேலைக்குப் போகிறவர்கள் பாம்பு பிடிக்கவும் தெரிந்தவர்கள்.

முழுமையாகச் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அது இந்த வட்டாரத்தில் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் பாரோ தீவு. 1910 முதல் இயற்கைக் காப்பகம். பெருநிலத்தில் அழிந்துபோன சிறு விலங்கு அங்கே பிழைத்திருந்தது. 1960களிலிருந்து எண்ணெயும் எடுத்தார்கள். செவ்ரான் நிறுவனம் அங்கே கார்கன் எரிவாயு ஆலை கட்ட 2009இல் அனுமதி கிடைத்தபோது நிபந்தனை கடுமையாக இருந்தது: வெளியிலிருந்து ஓர் உயிரினமும் நிலைகொள்ளக் கூடாது. சரக்கு அனைத்தும் கிளம்பும் இடத்திலேயே கழுவி, பிளாஸ்டிக்கில் சுற்றி, பரிசோதித்து, தீவில் இறங்கும்போது மறுபடி பரிசோதித்தார்கள். ஆட்களின் பூட்ஸ், வெல்க்ரோ, பையின் தையல் வரை பார்த்தார்கள். பல்லியும் பூச்சியுமாகப் பல பிடிபட்டன. வெளியிலிருந்து எதுவும் அங்கே நிலைகொள்ளவில்லை என்பதே வெளியான ஆய்வுகளின் முடிவு.

அதே முறையைச் சின்சில்லாவில் ஏன் செய்யவில்லை என்று கேட்பது எளிது. தீவுக்கு ஒரே வாசல். சூரத் படுகைக்கு ஆயிரம் கேட். தீவில் இழக்க ஒன்று மிச்சமிருந்தது. சமவெளியில் களையும் பன்றியும் ஏற்கெனவே குடியேறிவிட்டன. ஆனாலும் பாரோ தீவிலிருந்து ஒன்றைக் கொண்டுவரலாம்: அங்கே அளவுகோல் கழுவிய வண்டிகளின் எண்ணிக்கையாக இல்லை, நிலைகொண்ட களையின் எண்ணிக்கையாக இருந்தது. சமவெளியில் நிறுவனங்கள் காட்டும் ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் எத்தனை சான்று, எத்தனை பயிற்சி, எத்தனை லிட்டர் மருந்து என்று செய்த வேலையைக் கணக்கிடுகின்றன. பண்ணைக்காரர் கேட்பது வேறு: என் கீழ்க்காட்டில் இப்போது பார்த்தீனியம் இருக்கிறதா இல்லையா?

இன்னொன்று காலக்கணக்கு. என் பார்வையில் முழுப் பிரச்சினையும் இங்கேதான் நிற்கிறது. மீத்தேன் கிணறு ஒன்றின் உற்பத்தி ஆயுள் பெரும்பாலும் பதினைந்து இருபது ஆண்டு. பிறகு சிமெண்ட் ஊற்றி அடைத்து, தளத்தைச் சமப்படுத்தி, புல் போட்டு, நிறுவனம் விலகும். நிலத்தைச் சீராக்கும் பணத்துக்கு 2018இல் குயின்ஸ்லாந்து ஒரு நிதிச் சட்டமும் கொண்டுவந்தது; நல்லதுதான். ஆனால் புல் பிடித்ததும் முடிந்தது என்று கையெழுத்தாகும் நாளில், மண்ணுக்குள் விதை உறங்கிக்கொண்டிருக்கும். அடுத்த நல்ல மழைக்கு அது எழும்போது வேலிக்குள் இருப்பது பண்ணைக்காரர் மட்டும். விதை எத்தனை ஆண்டு உயிரோடிருக்குமோ அத்தனை ஆண்டு நிறுவனத்தின் பொறுப்பும் உயிரோடிருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதாதவரை, கழுவுமிடங்கள் எத்தனை கட்டினாலும் கணக்கு நேராகாது.

நமக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. காற்றாலைக்கும் சோலார் பூங்காவுக்கும் நான்குவழிச் சாலைக்கும் நம் மாவட்டங்களில் தினமும் ஜேசிபிகளும் டிப்பர்களும் காட்டுக்குக் காடு இறங்குகின்றன. அடுத்த முறை உங்கள் வயலோரத்தில் ஒன்று வந்து நின்றால், டீசல் காசும் மணி வாடகையும் பேசுமுன் ஓட்டுநரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: தம்பி, நேற்று இந்த வண்டி எங்கே ஓடியது?